கருவியை ஏவும் கலை: எஹலியகொடக் கல்லொன்றை முன்னிட்டுச் சில குறிப்புகள்

அவிசாவளையிலிருந்து இரத்தினபுரி நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே, இரப்பர்த் தோட்டங்களும் வயல்களும் மாறிமாறித் தோன்றும் நிலப்பகுதியில், எஹலியகொட என்னும் சிறு நகர் அமைந்துள்ளது. பேருந்திற் செல்வோர் பலர் தேநீர் அருந்தும் பொருட்டு அங்கே இறங்கியிருப்பர். அந்நகருக்கு உலகக் கனிப்பொருட் பட்டியலிலே தனியிடம் ஒன்று உண்டென்பதை அறிந்தோர் சிலரே. 1953ஆம் ஆண்டில், அவ்வூரின் இரத்தினக்கற் குழியொன்றிலிருந்து பெறப்பட்ட பச்சைநிறக் கல்லொன்றை எப். எல். டி. ஏக்கநாயக்க என்பார் கண்டார். அது தாம் அறிந்த கல் எதனோடும் ஒவ்வாமை கண்டு ஐயுற்றார். அவ்வையமே ஒரு புதிய கனிப்பொருளுக்கு வழிகாட்டிற்று. 1961ஆம் ஆண்டில் அண்டர்சன், கிளாரிங்புல், டேவிஸ், ஹில் என்னும் நால்வர் 'நேச்சர்' என்னும் ஆங்கில விஞ்ஞான ஏட்டில் அதனை வெளியிட்டு, கண்டவர் பெயராலேயே 'எக்கனைற்' எனப் பெயரிட்டனர்.

குழி தோண்டுவோர் இரத்தினக்கற்கள் செறிந்த சரளைப் படையைச் சிங்களத்திலே 'இல்லம' என்பர். தமிழர் செவிக்கு அச்சொல் வீட்டை நினைவூட்டும். அவ்வில்லத்திலே வாழ்ந்த இக்கல் ஏனைய கற்களைப் போன்றதன்று. இது கதிர்த்தொழிற்பாடுடையது. இதன் இரசாயன அமைப்பு இரண்டு கல்சியம், ஒரு தோரியம், எட்டுச் சிலிக்கன், இருபது ஒட்சிசன் என்னும் அணுக்களின் கூட்டாகும். நிறையால் நோக்கின் நூற்றில் இருபத்தேழு பங்கு தோரியமே. அத்தோரியம் கோடானுகோடி ஆண்டுகளாக உமிழ்ந்த அல்பாத் துணிக்கைகள் கல்லின் உட்பளிங்கமைப்பையே தகர்த்துவிட்டன. ஆதலின் வெளித்தோற்றத்திற் கல்லாயிருப்பினும், உள்ளமைப்பில் அது கண்ணாடியை ஒத்தது. எக்ஸ் கதிர் கொண்டு ஆராயுமிடத்து ஒழுங்கான கோலம் தோன்றாது. உயர்ந்த வெப்பநிலையிற் சூடாக்கிய பின்னரே பளிங்கு மீளும்.

இக்கட்டுரையின் பொருள் இரத்தினக்கல்லியல் அன்று. ஆய்வுகூடக் கருவிகளை இயக்கும் கணினி மென்பொருளை நம் தேவைக்கேற்பத் திருத்தியமைத்தலும், அக்கருவிகளைத் தாமே இயங்கச் செய்தலும் பற்றியே யாம் எழுதப் புகுந்தோம். பொதுவாகப் பேசின் இப்பொருள் வறண்டு தோன்றும். ஆகையால் ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவோம். அக்கல் நம் நாட்டதாகவும், அதிலும் சபரகமுவையதாகவும் இருத்தல் சிறப்பு.

சபரகமுவை மண்ணுக்கும் கதிர்த்தொழிற்பாட்டு ஆராய்ச்சிக்கும் உள்ள உறவு எக்கனைற்றோடு தொடங்கியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பகுதியின் முதற் பணிப்பாளராக விளங்கியவர் ஆனந்த குமாரசுவாமி. கலைமேதையாகவே அவரை நம்மவர் போற்றுவர். அவர் இலண்டன் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான கலாநிதிப் பட்டம் பெற்றவர் என்பது மறக்கப்பட்டுவிடுகின்றது. 1904ஆம் ஆண்டளவில் இம்மாகாணத்திற் கிடைத்த கரிய, பாரமான கனிப்பொருளொன்று அவர் கைக்கு வந்தது. யுரேனியக் கனியமென்றே முதலில் அவர் கருதினார். இலண்டனில் டன்ஸ்ரன் என்பார் ஆராய்ந்து, அது புதிய இனமெனக் கண்டு, தோரியனைற் எனப் பெயரிட்டார். அடுத்த ஆண்டிலேயே, இலண்டனில் இராம்சேயின் ஆய்வுகூடத்தில் பணிபுரிந்த ஒட்டோ ஹான் என்னும் ஜெர்மானிய இளைஞர், இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெற்ற பொருளை ஆராய்கையில் 'இரேடியோதோரியம்' என்பதனைக் கண்டறிந்தார். பின்னாளில் அணுக்கருப் பிளவுக்காக நோபெற் பரிசு பெற்ற அறிஞரின் முதற் பெருங் கண்டுபிடிப்பு நம் மண்ணிலிருந்து சென்ற கனியத்தின் வழி நிகழ்ந்தது என்பதைப் பாடநூல்கள் கூறுவதில்லை.

அக்காலத்து அறிஞர் எவ்வாறு அளந்தனர்? தோரியத்திலிருந்து ஒருவகை வாயு வெளிவருதலை 1900ஆம் ஆண்டில் இரதபோட் விளக்கினார். அதன் செறிவு ஏறக்குறைய ஒரு நிமிடத்திற் பாதியாகக் குறைதலை அவர் மின்மானியின் முள்ளை நோக்கியும் கடிகாரத்தை நோக்கியும் கண்டார். அரைவாழ்வு என்னும் கருத்து அவ்வாறே பிறந்தது. 1909இல் கைகரும் மார்ஸ்டனும் இருட்டறையில் அமர்ந்து, திரையிலே அல்பாத் துணிக்கைகள் தோற்றுவிக்கும் நுண்ணிய ஒளிப்பொறிகளைக் கண்ணால் ஒவ்வொன்றாய் எண்ணினர். கண் சிறிது நேரத்திற் களைத்துவிடும், பின் ஓய்வு, பின் மீண்டும் எண்ணிக்கை. தன்னியக்கம் என்பது சோம்பலிற் பிறந்ததென்பார் இக்காட்சியை எண்ணிப்பார்த்தல் நன்று.

1932ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜ் கவெண்டிஷ் ஆய்வுகூடத்தைச் சார்ந்த வின்-வில்லியம்ஸ் என்பார், வாயு நிரப்பிய வால்வுகளைக் கொண்டு 'இரண்டால் வகுக்கும்' எண்ணியொன்றை வெளியிட்டார். துடிப்பு இரண்டு வந்தால் முதற்படி ஒன்றை அடுத்த படிக்கு அனுப்பும். இரண்டாம் படி நான்குக்கு ஒன்றையும், மூன்றாம் படி எட்டுக்கு ஒன்றையும் அனுப்பும். மிக விரைந்து வரும் துடிப்புகளை மெதுவாக நகரும் பொறிமுறை எண்ணியும் பதியக்கூடியதாயிற்று. இன்றைய கணினிகள் இரண்டின் அடிப்படையிலே எண்ணுதல் யாவரும் அறிந்தது. அம்முறை கருவியுலகில் வேரூன்றியமைக்கு அணுத்துணிக்கைகளை எண்ணவேண்டிய தேவையும் ஒரு காரணமாயிற்று.

இனி, கருவியும் கணினியும் உரையாடும் முறைக்கு வருவோம். கருவிகள் தனித்தனியே நின்ற காலத்தில் ஒவ்வொன்றின் முள்ளையும் மனிதரே படித்துக் குறிப்பேட்டில் எழுதினர். 1960ஆம் ஆண்டிலே தொடர்வழித் தொடுப்புக்கான நியமம் தோன்றிற்று. ஹியூலெற்-பக்கார்ட் நிறுவனம் தன் கருவிகளை ஒரே வடத்தில் இணைப்பதற்கு ஆக்கிய முறை 1975இல் பொது நியமமாக ஏற்கப்பட்டது. பதினைந்து கருவிகள் வரை ஒரே வடத்தில் அமர்ந்து முறைவைத்துப் பேசலாம். 1987இல் அந்நியமம் விரிக்கப்பட்டபோது, எந்தக் கருவியும் 'நீ யார்?' என்னும் வினாவுக்குத் தன் நிறுவனத்தையும், வகையையும், தொடரிலக்கத்தையும் விடையாகக் கூறவேண்டும் என விதிக்கப்பட்டது. 1990இல் கட்டளைச் சொற்களே பொதுவாக்கப்பட்டன. ஒரு நிறுவனத்து மின்னழுத்தமானிக்கு இட்ட அளவிடும் கட்டளை மற்றொரு நிறுவனத்ததற்கும் விளங்கும் நிலை ஓரளவுக்கு வந்தது. ஓரளவுக்கு என்று அழுத்திக் கூறுகின்றோம்.

கட்டளை என்பது வியப்பான பொருள் அன்று. அது ஒரு வரிச் சொற்றொடர். இறுதியில் வரி முடிந்தது எனக் காட்டும் ஓர் அடையாளம். புதிதாய்ப் பழகுவோர் பெரும்பாலார் முதலில் இடறும் இடம் இவ்வடையாளமே. கணினி வரியை அனுப்பிவிட்டது, முடிவடையாளம் இல்லை. கருவியோ பேச்சு இன்னும் முடியவில்லை என்று காத்திருக்கும். கணினி விடை வரவில்லை என்று காத்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு மணிக்கணக்காய் நிற்கும். ஆதலின் நிரல் எழுதுவோர் காத்திருப்புக்கு ஓர் எல்லை வகுத்தல் வேண்டும். ஐந்து விநாடியில் விடை வராவிடின் அதனைப் பதிந்துவிட்டு, மீண்டும் ஒருமுறை கேட்டு, அப்போதும் வராவிடின் மணியடித்து நிற்கச் செய்தலே முறை. விடை வராத இடத்திலே முந்திய எண்ணையே மீண்டும் எழுதிக்கொண்டு செல்லும் நிரல்களும் உலகில் உண்டு. அவை மிகக் கொடியவை. பார்வைக்கு எல்லாம் ஒழுங்காயிருப்பது போலத் தோன்றும்.

கருவியை விற்கும் நிறுவனம் ஒரு மென்பொருளையும் உடன் தரும். திரையிலே அழகிய பொத்தான்கள் இருக்கும். ஒரு கல்லை ஒருமுறை அளப்பதற்கு அது போதும். நூறு கற்களை, ஒவ்வொன்றும் பன்முறை, பின்னணியையும் இடையிடையே எடுத்து அளக்க வேண்டுமாயின், மனிதர் பொத்தானை அழுத்தும் இயந்திரமாகிவிடுவர். திருத்தியமைத்தல் என்பது இவ்விடத்திலேயே தொடங்குகின்றது. சில நிறுவனங்கள் தம் மென்பொருளுக்குள்ளேயே சிறுநிரல் எழுத வழிவைத்துள்ளன. அது உள்ளதாயின் முதலில் அதனையே பயன்படுத்துக. சில, கருவியின் கட்டளைப் பட்டியலை வெளியிட்டுள்ளன. அவற்றை நம் சொந்த நிரலால் நேரே ஏவலாம். வேறு சில ஒன்றையும் வெளியிடுவதில்லை. அத்தகைய கருவியை வாங்கியவர், பழுதுற்ற பழங்கணினியொன்றைப் பூட்டிய அறையிலே வைத்துப் பேணவேண்டிய நிலைக்கு ஆளாவர். விண்டோஸ் எக்ஸ்பிக்கு அதனை ஆக்கிய நிறுவனம் 2014இல் ஆதரவை நிறுத்திய பின்னரும், ஒரே ஒரு கருவிக்காக அதனைக் காத்துவரும் ஆய்வுகூடங்கள் பல. கருவி வாங்கும்போது விலையைக் கேட்போர் கட்டளைப் பட்டியலையும் கேட்டல் வேண்டும் என்பது எம் துணிபு.

நிரல் எழுதும் மொழிகளைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. 1986இல் வெளிவந்த லப்வியூ, படங்களைக் கோடுகளால் இணைத்து நிரலாக்கும் முறையைத் தந்தது, பெரிய ஆய்வுகூடங்கள் அதனை விரும்பின, விலையும் பெரிது. 1991இல் வெளிவந்த பைதன் விலையின்றிக் கிடைப்பது. அயல்நாட்டு எடுத்துக்காட்டு ஒன்று ஈண்டுக் கூறத்தக்கது. புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடை வேகவளர்த்தி நிலையம், பீனிக்ஸ் என்னும் திட்டத்தின் வழியாகவும், பின்னர் 'எக்ஸ்பைஸ்' என்னும் சிறு பெட்டியின் வழியாகவும், பள்ளி மாணவரும் வாங்கத்தக்க விலையிலே அளவிடும் கருவியொன்றை ஆக்கிற்று. யூ.எஸ்.பி. வடத்தால் கணினியோடு இணைத்துப் பைதன் மொழியில் ஏவலாம், நிரல் முழுவதும் திறந்து கிடக்கின்றது, எவரும் திருத்தலாம். அணுத்துகள்களை விரைவூட்டும் பெரும்பொறிக்கு நிரல் எழுதிய நிலையத்தாரே பள்ளிக்கூட ஊசலுக்கும் நிரல் எழுதினர் என்பது எமக்கு உவப்பான செய்தி.

இப்பொழுது எக்கனைற்றைக் கருவியின் முன் வைப்போம். ஒரு கரட் நிறையுள்ள தூய எக்கனைற்றை எடுத்துக்கொள்க. கரட் என்பது கிராமில் ஐந்திலொன்று. அதிலே ஐம்பத்துநான்கு மில்லிகிராம் தோரியம் உண்டு. ஒரு மில்லிகிராம் தோரியத்தில் விநாடிக்கு நான்கு அணுக்கள் சிதையும். ஆக, ஏறக்குறைய இருநூற்றிருபது. அத்துடன் முடியவில்லை. தோரியம் ஈயமாகும் வரையிற் பத்துச் சிதைவுகள் தொடராக நிகழ்கின்றன; பழங்கல்லிலே அவை யாவும் சமநிலையடைந்திருக்கும். ஆதலின் அச்சிறு கல்லுக்குள் ஒவ்வொரு விநாடியும் ஈராயிரத்திருநூறு சிதைவுகள் நிகழ்கின்றன. மோதிரத்திற் பதிக்கத்தக்க ஒரு மணிக்குள் இத்தனை ஆரவாரம்!

இதனைக் கைகர்-முல்லர் குழாயால் அளப்பின் முதலில் வரும் தொல்லை குழாயினுடையது. ஒரு துடிப்பைப் பதிந்த பின் குழாய் ஏறக்குறைய பத்தாயிரத்திலொரு விநாடி செயலற்றுக் கிடக்கும். விநாடிக்கு ஆயிரம் துடிப்புகளைக் காட்டுமாயின், உண்மையில் வந்தவை ஆயிரத்து நூற்றுப் பதினொன்று. இத்திருத்தத்தை நிரலே செய்துவிடலாம். ஆனால் திருத்திய எண்ணை மாத்திரம் கோப்பில் எழுதி, கருவி தந்த மூல எண்ணை எறிந்துவிடுதல் ஆகாது. நாளை ஒருவர் குழாயின் செயலற்ற நேரம் வேறு என்று காண்பாராயின், மீளக் கணிப்பதற்கு அவருக்கு மூல எண் வேண்டும். எண்ணும் நிரலும் திருத்தும் நிரலும் தனித்தனியே இருத்தல் நன்று.

அடுத்தது கடிகாரம். தோரியத்திலிருந்து வரும் வாயுவின் அரைவாழ்வை அளத்தல் பௌதிக மாணவர் செய்யும் பரிசோதனைகளுள் ஒன்று. பெற்றோமாக்ஸ் விளக்கின் வலைத்திரியிலே முன்னாளில் தோரியம் ஊட்டப்பெற்றிருந்தது. கலியாண வீடுகளில் அவ்வெள்ளொளியில் அமர்ந்து உண்டவர் பலர் இதனை அறியார். அவ்வாயுவின் அரைவாழ்வு ஐம்பத்தைந்து விநாடிக்குச் சற்று மேல். செம்மையாகக் கூறின் 55.6. நிரலை இவ்வாறு எழுதுகின்றோம் எனக் கொள்க: பத்து விநாடி எண்ணுக, எண்ணைக் கணினிக்கு அனுப்புக, மீண்டும் பத்து விநாடி எண்ணுக. அனுப்புதற்கு அரை விநாடி செல்லுமாயின், அளவைகள் பத்தரை விநாடிக்கொருமுறை நிகழ்கின்றன. வரைபடம் வரைபவரோ பத்து, இருபது, முப்பது எனக் குறித்துச் செல்வார். அவருக்குக் கிடைக்கும் அரைவாழ்வு ஐம்பத்துமூன்று விநாடி. பிழையான விடை, ஆயினும் வரைபடத்துப் புள்ளிகள் யாவும் ஒரே கோட்டில் அழகாக அமர்ந்திருக்கும்! மனிதர் கையாற் செய்யின் இங்கொன்றும் அங்கொன்றுமாய்ப் பிழைவிடுவர், புள்ளிகள் சிதறும், ஐயம் தோன்றும். பொறி ஒரே பிழையை ஒரே ஒழுங்காய்ச் செய்யும், ஐயம் தோன்றாது. ஒவ்வோர் அளவைக்கும் அருகில், அது தொடங்கிய நேரத்தைக் கடிகாரத்திலிருந்து படித்து எழுதிவிடின் இவ்விடர் முற்றும் நீங்கும். ஒரு வரி நிரலுக்குரிய வேலை அது.

பின்னணியைப் பற்றியும் கூறவேண்டும். கல் எதுவும் இல்லாதபோதும் குழாய் எண்ணிக்கொண்டே இருக்கும். விண்ணிலிருந்தும் சுவரிலிருந்தும் கதிர்கள் வருகின்றன. எக்கனைற்றுக்கு இது பொருட்டன்று. சபரகமுவையிற் கிடைக்கும் பச்சைச் சிர்க்கன்கள் சிலவற்றிலோ கதிர்த்தொழிற்பாடு மிக மெலிது. நிறத்தால் இரண்டும் மயக்கந் தரும். முறிவுச் சுட்டி கொண்டு பிரித்தறியலாம். எக்கனைற்றுக்கு ஏறக்குறைய 1.60, சிர்க்கனுக்கு அதனிலும் மிகை. எனினும் மெலிந்த கதிரை அளந்தே தீரவேண்டும் எனின் என் செய்வது? பின்னணி விநாடிக்கு அரை. கல் தருவது அதிற் பத்திலொன்று எனக் கொள்க. ஒரு நிமிடம் எண்ணினால் பின்னணி முப்பது, கல்லோடு முப்பத்துமூன்று, இயல்பான ஏற்றத்தாழ்வே அதனினும் பெரிது, ஒன்றும் கூறவியலாது. ஒரு மணி எண்ணினால் வேறுபாடு நூற்றெண்பது, ஐயம் அறுபது. ஏதோ உண்டு எனலாம். பத்து மணி எண்ணினால் வேறுபாடு ஆயிரத்தெண்ணூறு, ஐயமோ இருநூற்றுக்கும் குறைவு; இனித் துணிந்து கூறலாம். பத்து மணி நேரம் விழித்திருந்து எண்ணுதற்கு யாவர் உளர்? இரவிலே கருவி தானே எண்ணட்டும்.

இரவு முழுதும் எண்ணுமிடத்துச் சபரகமுவையின் இயற்கை குறுக்கிடும். மழைவளம் மிக்க நாடு. காற்றிலே ஈரம் நிறைந்தது. காமாக்கதிரின் ஆற்றலை அளக்கும் சோடியம் அயடைட்டுப் பளிங்கு ஈரத்தை ஈர்ப்பது. அதனை நன்கு மூடியிருப்பர். ஆயினும் வெப்பநிலை மாறுந்தோறும் அதன் ஒளியும், அதனைப் பெருக்கும் குழாயின் பெருக்கமும் மாறும். நண்பகலில் ஓரிடத்தில் நின்ற நிறமாலைச் சிகரம் விடியற்காலையில் வேறிடத்தில் நிற்கும். நிறுவனத்து மென்பொருள் தொடக்கத்தில் ஒருமுறை அளவுத்திருத்தம் செய்துவிட்டு அமையும். இங்கேதான் நம் கைவண்ணம் வேண்டப்படுகின்றது. தோரியத் தொடரின் இறுதியில் வரும் தாலியம் 2614.5 கிலோ இலத்திரன்வோல்ற்றில் ஒரு கதிரை உமிழும். சுவரிலும் மண்ணிலும் உள்ள பொற்றாசியம் 1460.8இல் உமிழும். இவ்விரண்டும் இயற்கையே நட்டுவைத்த மைல்கற்கள். மணிக்கொருமுறை நிரல் இச்சிகரங்களைத் தேடி, அவை நகர்ந்திருப்பின் அவ்வளவுக்கு அளவுகோலைத் திருத்தி, திருத்திய அளவையும் அறையின் வெப்பநிலையையும் குறித்துவைத்தல் வேண்டும்.

மின்வெட்டு மற்றோர் இடர். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்றதனை நம்மவர் மறந்திரார். அளவைகளையெல்லாம் நினைவகத்திற் சேர்த்துவைத்து, முடிவிற் கோப்பில் எழுதும் நிரல், ஒன்பதாம் மணியில் மின் நின்றால் ஒன்பது மணி உழைப்பையும் இழக்கும். ஒவ்வோர் எண்ணிக்கையையும் அவ்வப்போதே வட்டில் எழுதிவிடுதல் வேண்டும். மின் மீண்டதும் கருவி எந்நிலையில் விழிக்கும் என்பதும் முன்னரே அறியத்தக்கது. குழாய்க்குரிய உயர் மின்னழுத்தம் தானாகவே முழு அளவுக்கு எழும்பும்படி நிரல் எழுதுதல் தவறு. சுழியத்திலிருந்து படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் கருவியிடம் உண்மை அளவைக் கேட்டறிந்து மேற்செல்லுதல் வேண்டும். அதற்கு மேலாக, மென்பொருள் என்ன கூறினும் எல்லையைக் கடக்கவொட்டாத தடையொன்று கருவியின் கம்பியமைப்பிலேயே இருத்தல் வேண்டும். தெராக்-25 என்னும் கதிர்மருத்துவப் பொறியில், முந்திய பொறிகளிலிருந்த அத்தகைய தடைகளை நீக்கி மென்பொருளையே நம்பினர். 1985 தொடக்கம் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளர் அளவிறந்த கதிர்வீச்சுக்கு ஆளாயினர், சிலர் மாண்டனர்.

தாமே தீர்ப்புக் கூறும் நிரல்களைப் பற்றி ஒரு கதை வழங்குகின்றது. தென்துருவத்தில் ஓசோன் படலம் மெலிந்தமையை 1985இல் பார்மன், கார்டினர், சாங்கிளின் என்னும் மூவர், தரையில் நின்ற பழைய டொப்சன் கருவியின் அளவைகளைக் கொண்டு வெளியிட்டனர். வானிற் சுழன்ற நிம்பஸ்-7 செயற்கைக்கோளும் அதனை அளந்தே இருந்தது. கணினி அவ்வளவைகளை நம்பத்தகாதவை என எறிந்துவிட்டது என்று பலர் எழுதிவருகின்றனர். உண்மை அவ்வளவு எளிதன்று. நூற்றெண்பது அலகுக்குக் குறைந்தவற்றை நிரல் ஐயத்துக்குரியவை எனக் குறியிட்டது, எறியவில்லை. குறியிட்டவை இருந்தமையாலேயே பின்னர் அவற்றை மீட்டுப் பார்க்க இயன்றது. எறிதலுக்கும் குறியிடுதலுக்கும் உள்ள வேறுபாட்டை நிரல் எழுதுவோர் யாவரும் நெஞ்சிற் கொள்ளல் வேண்டும். ஏக்கநாயக்கவின் கையிலிருந்த பச்சைக்கல்லை நினைந்து பார்க்க. அறிந்த கற்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, 'மிக அண்மையது இது' எனப் பெயர் கூறும் நிரல் ஒன்று 1953இல் இருந்திருப்பின், அப்பட்டியலில் எக்கனைற் இல்லாமையால், வேறொரு பெயரைத் துணிந்து கூறியிருக்கும். 'எதனோடும் பொருந்தவில்லை' என்னும் விடையைக் கூறுதற்கும் நிரலுக்கு நாம் இடம் வைத்திருத்தல் வேண்டும்.

தோட்டப்புறத்தாருக்கு இவ்வுண்மை புதிதன்று. இரப்பர்ப் பாலிலே மெத்ரோலாக் என்னும் மிதவையை இட்டுச் செறிவைப் பார்ப்பவர் ஒருவர்; அவ்வெண்ணைக் கொண்டு கூலி பெறுபவர் மற்றொருவர். எண் எவ்வாறு வந்தது என்பதை இருவரும் காண இயலுமாயின் வழக்கில்லை. மிதவைக்குப் பதிலாகத் திரையில் எண் தோன்றும் காலத்தும் அது வேண்டப்படும்.

எக்கனைற்றை அணிவோர் அரியர். சேகரிப்போரே அதனை வைத்திருப்பர். ஆனால் கல் பட்டைதீட்டும் தொழிலாளி அது எதுவென அறியாமலே சாணைச் சக்கரத்தில் வைத்தல் கூடும். அல்பாத் துணிக்கை தோலைக் கடவாது; தூளாய் மூச்சோடு உட்சென்றால் தங்கிய இடத்திலேயே தீங்கு செய்யும். ஆதலின் இதுவரை கூறியவற்றைச் சிறிய அளவிலே, இரத்தினபுரிப் பகுதியிலுள்ள பட்டைதீட்டும் மேசையொன்றுக்குப் பொருத்திக் காட்டுவோம். ஒரு சிறு கைகர்க் குழாய், அதனை எண்ணும் மலிவான நுண்கணிப் பலகை, ஒரு மணி. நிரல் செய்யவேண்டுவது இதுவே: காலையில் மேசை வெறிதாயிருக்கும்போது பத்து நிமிடம் பின்னணியை எண்ணிக் குறித்துக்கொள்ளுதல், பின்னர்க் கல்லை வைத்துப் பொத்தானை அழுத்தியதும் இருபது விநாடி எண்ணுதல். பின்னணி விநாடிக்கு அரையாயின் இருபது விநாடியிற் பத்து எதிர்பார்க்கப்படும். இருபத்துமூன்றோ அதற்கு மேலோ வந்தால் மணி ஒலிக்கட்டும். தற்செயலாக அவ்வளவு வருதல் ஏறக்குறைய மூவாயிரத்து நானூறு முறைக்கு ஒருமுறையே. நாளுக்கு முப்பது கல் பார்ப்பவருக்கு நான்கு மாதத்தில் ஒரு வீண்மணி. அதைவிடத் தாழ்ந்த எல்லை வைப்பின் அடிக்கடி வீணே ஒலித்து, இறுதியில் அவர் மின்கம்பியைப் பிடுங்கிவிடுவர்.

ஒரு கரட் எக்கனைற் அக்குழாயின் முன் வருமாயின், நூறு சிதைவுக்கு ஒன்றையே குழாய் கண்டாலும் இருபது விநாடியில் நானூற்றுக்கு மேல் எண்ணும், ஐயத்துக்கு இடமில்லை. மெலிந்த சிர்க்கன் தப்பிவிடலாம். அதற்கு ஆய்வுகூடத்தின் பத்து மணி எண்ணிக்கையே வேண்டும். மணி ஒலித்தபோதெல்லாம் நாளும் நேரமும் எண்ணிக்கையும் ஒரு கோப்பில் எளிய எழுத்தில் பதியப்படும். அதன் தலைப்பிலே குழாயின் வகையையும், அன்றைய பின்னணியையும், நிரலின் எத்தனையாவது திருத்தம் என்பதையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிவைத்தல் தகும். அம்மேசைகளில் அமர்வோர் இருமொழியினரும் ஆவர்.